பாசுரமும் பாசுரமும் இணையுமிடம்
திருப்பாவை இசைத்தொடர் அமைப்போர்க்குச் சில குறிப்புகள்

ஸ்ரீ:

மார்கழி பிறந்ததும் வைணவத் திருக்கோயில்களில் விடியற்போதில் திருப்பாவை ஒலிக்கத் தொடங்குகிறது. திருமலையில் ஏனைய நாட்களில் ஸேவிக்கப்படும் ஸுப்ரபாதத்தின் இடத்தை இம்மாதம் முழுவதும் கோதை நாச்சியாரின் திருவாக்கே பெறுகிறது. கோயிற் கோஷ்டியில் முப்பது பாசுரங்களும் ஒன்று குறையாமல் அநுஸந்திக்கப்படுகின்றன. ஆனால், உத்ஸவ மாலைகளில் மண்டபத்தில் அமர்ந்து அப்பாசுரங்களை இசையுடன் பாட விழையும் பக்தர் குழுக்களின் நிலை வேறு. ஒரு பாசுரத்துக்கு நான்கு நிமிடம் என்று கொண்டாலும் முப்பதுக்கும் இரண்டு மணி நேரம் வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பதோ அரைமணிப் பொழுது. ஆகவே, ஏழெட்டுப் பாசுரங்களைத் தேர்ந்து ஒரே மாலையாகத் தொடுத்துப் பாடுவது வழக்கமாயிற்று.

இவ்வாறு தொடுக்கும்போது பெரும்பாலான குழுவினர் ஒவ்வொரு பாசுரத்தையும் தனித்தனியே நன்றாகப் பயிற்சி செய்கின்றனர். ஒரு பாசுரம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை மட்டும் பயிலாமல் விட்டுவிடுகின்றனர். பாட்டு முடிகிறது, ஹார்மோனியம் அடுத்த ராகத்தைத் தேடுகிறது, பின்வரிசையில் ஒருவர் அடுத்தது எது என்று மெல்லக் கேட்கிறார், மிருதங்கத்துக்குத் தட்டு விழுகிறது, கேட்போர் தமக்குள் பேசத் தொடங்குகின்றனர். பாசுரத்தால் ஒருமைப்பட்ட உள்ளம் அந்த அரை நிமிடத்தில் சிதறிப் போகிறது. மாலை தொடுக்கப்பட்டதேயன்றி நார் இல்லாமற் போயிற்று.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. இடைவெளியே கூடாதென்று எண்ணி, எல்லாப் பாசுரங்களையும் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவது. அப்போது ஆயர்பாடிச் சிறுமியை எழுப்புவது எங்கே முடிந்தது, நந்தகோபர் திருமாளிகை வாயில் எங்கே வந்தது என்பது கேட்போர்க்குப் புலப்படுவதில்லை. எங்கே இணைப்பது, எங்கே பிரிப்பது என்று அறிவதே இசைத்தொடர் அமைப்போர் முதலில் கற்க வேண்டிய பாடம். அதற்கான விடை சங்கீத நூல்களில் இருப்பதைக் காட்டிலும் பாசுரங்களுக்குள்ளேயே தெளிவாக இருக்கிறது.

பாசுரங்களின் உள்ளமைப்பு

நம்மாழ்வாரின் திருவாய்மொழி அந்தாதியாக அமைந்தது. ஒரு பாசுரத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகி, 1102 பாசுரங்களும் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. முதலாழ்வார்கள் மூவரின் திருவந்தாதிகளும், அமுதனாரின் இராமாநுச நூற்றந்தாதியும் அவ்வகையினவே. அங்கெல்லாம் இணைப்பைப் பாசுரமே செய்து தருகிறது. பாடுவோர் தேட வேண்டியதில்லை.

திருப்பாவை அந்தாதியன்று. எட்டடி கொண்ட கொச்சகக் கலிப்பாவாகிய ஒவ்வொரு பாசுரமும் தன்னில் தான் நிறைவது. முதல் இருபத்தொன்பதும் ஒரே தொடரால் முடிகின்றன. முப்பதாவது அத்தொடரின் இறுதிச் சொல்லை மட்டும் கொண்டு முடிகிறது. பல்லவி உள்ள ராகமாலிகைகளில் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவிக்கு மீண்டு இளைப்பாறுவது மரபு. திருப்பாவைக்குப் பல்லவி இல்லை. அவ்விடத்தில் நின்று உதவுவது இந்தப் பொது முடிபே. கேட்போர் செவி அதை எதிர்நோக்கியிருக்கிறது. ஆதலின் இணைப்பின் முதற் படி அந்த முடிபில்தான் தொடங்குகிறது. அதை அவசரமாக விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுவது தகாது.

இனிப் பொருளமைப்பு. பெரியவாச்சான்பிள்ளையின் மூவாயிரப்படி முதலான வ்யாக்யானங்களின் வழிவந்த பகுப்பு யாவரும் அறிந்ததே. முதல் ஐந்து பாசுரங்கள் நோன்புக்குத் தோற்றுவாய். ஆறு முதல் பதினைந்து வரை பத்துச் சிறுமியரை எழுப்புதல். பதினாறில் வாயில் காப்போன். பதினேழில் நந்தகோபர், யசோதை, கண்ணன், பலதேவன். பதினெட்டில் நப்பின்னைப் பிராட்டி. பத்தொன்பதும் இருபதும் பிராட்டியையும் பெருமானையும் சேர்த்து நோக்குவன. அதன்மேல் கண்ணன் துயிலெழுந்து அரியணையில் அமர்தலும், மங்களாசாஸனமும், வேண்டுதலும். இருபத்தேழில் கூடியிருந்து குளிரும் பேறு, இருபத்தெட்டில் தம் கைம்முதலின்மையை அறிவித்தல், இருபத்தொன்பதில் கைங்கரியமே வேண்டும் பயன் என்று உறுதி கூறல், முப்பதில் பலன்.

இக்கூறுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியுமிடங்களே இசைத்தொடரிலும் காதுக்குத் தெரிய வேண்டிய இடங்கள். ஒரே கூற்றுக்குள் அமைந்த பாசுரங்கள் நெருங்கி இணையலாம்.

அரியக்குடியார் வகுத்த வழி

நாதமுனிகள் தம் மருமக்களான மேலையகத்தாழ்வாரையும் கீழையகத்தாழ்வாரையும் கொண்டு திவ்யப்ரபந்தத்துக்குப் பண்ணமைத்தார் என்பது ஸம்ப்ரதாய வரலாறு. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி முதலிய திருப்பதிகளில் அரையர் ஸேவை அம்மரபைப் போற்றி வருகிறது. கச்சேரி முறையில் இன்று பெரிதும் பாடப்படும் திருப்பாவை இசையை அமைத்தவர் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967). முப்பது பாசுரங்களுக்கும் அவர் ராகம் வகுத்தார். எம். எல். வஸந்தகுமாரியின் இசைத்தட்டுகள் அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அவ்வரிசையை இணைப்பு நோக்குடன் ஆராய்ந்தால் பல நுட்பங்கள் விளங்குகின்றன.

முதல் ஐந்து பாசுரங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என அமைந்துள்ளன. இவை கன பஞ்சகம் எனப்படும் ஐந்து ராகங்கள். தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளும் இதே வரிசையில் அமைந்தவை. நாட்டையும் கௌளையும் மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கும்போது நிஷாதம், பஞ்சமம், மத்யமம் வரை ஒரே வழியிற் செல்கின்றன, ரிஷபத்தில்தான் பிரிகின்றன. நாட்டையின் ரிஷபம் ஷட்ச்ருதி, கௌளையுடையது சுத்தம். பொருளிலும் அப்படியே. முதற் பாசுரம் தோழியரை நோன்புக்கு அழைக்கிறது. இரண்டாவது அதே தோழியருக்கு நோன்பின் விதிகளைச் சொல்கிறது. கேட்போர் மாறவில்லை, பேச்சே வளர்கிறது. ஆகவே இங்கு மத்யமத்தில் நின்று நழுவுவதுபோல் இணைக்கலாம்.

நான்காவது பாசுரத்துக்கு வந்தால் நிலை மாறுகிறது. அந்த ஐந்தனுள் தோழியரை விட்டு மழைக்கடவுளை நோக்கிப் பேசுவது அது ஒன்றே. அந்த ஐந்து ராகங்களுள் பிரதி மத்யமம் கொண்டதும் வராளி ஒன்றே. ஆரபிக்கும் வராளிக்கும் பொதுவாக இருப்பவை ஷட்ஜமும் பஞ்சமமும் காகலி நிஷாதமுமே. வராளியிலிருந்து ஸ்ரீராகத்துக்கு மீளும்போது ஷட்ஜ பஞ்சமங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. நான்காம் பாசுரத்தின் முன்னும் பின்னும் இசை இவ்வாறு விலகி நிற்பது பொருளுக்கு முற்றும் இசைந்தது. இவ்விரு இடங்களிலும் வலிந்து ஒட்டவைக்க முயலாமல், தம்புராவின் ஷட்ஜத்தில் இரண்டு மூச்சு நின்று பிறகு தொடங்குவதே அழகு.

நெருக்கமும் விலக்கமும்

மிக நெருங்கிய ராகங்கள் அடுத்தடுத்து வருவது எப்போதும் எளிதென்று கருதுவது பிழை. ஏழாம் பாசுரம் பைரவி. எட்டாம் பாசுரம் தன்யாஸி. ஸாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் ஆகியவை இரண்டுக்கும் பொது. பைரவியில் ரிஷபம் சதுச்ருதி, சதுச்ருதி தைவதமும் பயில்கிறது. தன்யாஸியின் ரிஷபம் சுத்தம். பைரவியின் சாயல் காதில் இருக்கும்போதே தன்யாஸியைத் தொடங்கினால் இரண்டும் கலங்கிப் போகின்றன. பாசுரங்களோ இரு வேறு வீடுகள்; உள்ளே உறங்குவோர் இரு வேறு சிறுமியர். எனவே எட்டாவதைத் தொடங்குவோர் ரிஷபமும் தைவதமும் இல்லாத தன்யாஸியின் ஏறுமுகத்தை முதலிலேயே தெளிவாகக் காட்ட வேண்டும். வேறொரு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம் என்பது அப்போதே விளங்கும்.

பதினைந்து, பதினாறு, பதினேழு ஆகிய மூன்றும் பேகடை, மோகனம், கல்யாணி. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் பேகடையிலும் உள்ளன, கல்யாணியிலும் உள்ளன. பேகடையிலிருந்து மத்யமமும் நிஷாதமும் விலக, மோகனம் வெளிப்படையாக நிற்கிறது. அதனோடு பிரதி மத்யமமும் காகலி நிஷாதமும் சேரக் கல்யாணி விரிகிறது. சிறுமியர் அனைவரும் கூடி வாயிலை அடைவதும், வாயில் திறப்பதும், உள்ளே திருமாளிகை விரிவதும் இம்மூன்று பாசுரங்களின் நிகழ்ச்சி. இம்மூன்றையும் அடுத்தடுத்துப் பாட வாய்ப்புள்ளோர் இடையில் நில்லாமற் பாடுதல் தகும்.

பதினெட்டாவது ஸாவேரி. கல்யாணியில் உயர்ந்து நின்ற ரிஷபமும் தைவதமும் இங்கே சுத்த ஸ்வரங்களாகத் தாழ்கின்றன. நப்பின்னைப் பிராட்டியை நோக்கிப் புருஷகாரம் வேண்டும் இடம் இது. திருப்பாவை ஜீயர் என்று போற்றப்பெற்ற உடையவர், தம் ஆசார்யரின் திருமாளிகை வாயிலில் இப்பாசுரத்தை அநுஸந்தித்து நின்றபோது கதவு திறந்த வரலாற்றை அறியாதார் இல்லை. அத்தகைய பாசுரத்தை முன்னதன் ஓட்டத்திலேயே தொடங்கலாகாது. முன்னே ஒரு மௌனம் வேண்டும்.

பத்தொன்பதும் இருபதும் ஸஹானாவும் செஞ்சுருட்டியும். இரண்டும் அரிகாம்போதியின் வழிவந்தவை. பாசுரங்களும் பிராட்டி, பெருமான் இருவரையும் நோக்கியே பேசுகின்றன. இங்கே இணைப்பு தானாகவே அமைகிறது.

எட்டுப் பாசுரத் தொடரும் ஒன்பதாவதன் தேவையும்

அரைமணிக்கெனத் தேர்ந்தெடுக்கும் குழுவினர் பெரும்பாலும் நன்கு அறிமுகமான பாசுரங்களையே நாடுவர். 1, 3, 7, 16, 18, 27, 29, 30 என்ற எட்டை எடுத்துக்கொள்வோரின் தொடர் நாட்டை, ஆரபி, பைரவி, மோகனம், ஸாவேரி, பூர்விகல்யாணி, மத்யமாவதி, ஸுரட்டி என்று அமையும். இதனை இணைப்பிடம் இணைப்பிடமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

நாட்டையும் ஆரபியும் அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், காகலி நிஷாதம் ஆகியவற்றைப் பொதுவாகக் கொண்டவை. பஞ்சமத்தில் நின்று எளிதாகக் கடக்கலாம். ஆரபிக்கும் மோகனத்துக்கும் இடையில் பைரவி நிற்பது பெரும் நன்மை. அதை நீக்கிவிட்டால், ஏறுமுகத்தில் மத்யமமா காந்தாரமா என்ற ஒரு வேற்றுமையே உள்ள இரு ராகங்கள் அடுத்தடுத்து வந்து, பயிற்சி குறைந்த குழுவினர் ஒன்றில் மற்றொன்றைப் பாடிவிடுவர். அன்றியும் பத்துச் சிறுமியரை எழுப்பும் பகுதிக்கு ஏழாவது ஒன்றே இத்தொடரில் சான்றாக நிற்கிறது. மோகனத்திலிருந்து ஸாவேரிக்குச் செல்லுமிடம் மேலே கூறிய மௌனத்துக்கு உரியது. ஸாவேரிக்கும் பூர்விகல்யாணிக்கும் சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும் உறவு. கீழ் ஷட்ஜத்திலிருந்து ரிஷப காந்தாரங்களின் வழியே புதிய ராகத்துள் நுழையலாம்.

அடுத்த இடத்தில்தான் தொடர் அறுகிறது. பூர்விகல்யாணிக்கும் மத்யமாவதிக்கும் ஷட்ஜ பஞ்சமங்களைத் தவிர வேறொன்றும் பொதுவில்லை. பூர்விகல்யாணியின் ரிஷபமும் மத்யமமும் நிஷாதமும் மத்யமாவதியில் மாறிவிடுகின்றன. காந்தாரமும் தைவதமும் அங்கே இல்லவேயில்லை. எவ்வளவு பயின்றாலும் இவ்விடம் பாலமில்லாத ஆறாகவே இருக்கும்.

பாலம் ஏன் இல்லையென்றால், இருபத்தெட்டாம் பாசுரம் விடப்பட்டது. அதன் ராகம் காம்போதி. பூர்விகல்யாணியின் அந்தர காந்தாரமும் சதுச்ருதி தைவதமும் காம்போதிக்கும் உரியவை. மத்யமாவதியின் சதுச்ருதி ரிஷபமும் சுத்த மத்யமமும் கைசிகி நிஷாதமும் காம்போதியிலேயே முன்கூட்டி வந்துவிடுகின்றன. இரு கரையையும் தொட்டு நிற்பது அது ஒன்றே.

பொருளிலும் அப்பாசுரம் வகிக்கும் இடம் அதுவே. இருபத்தேழாவது பெறும் பேற்றைக் கொண்டாடுகிறது; கூடாரைவல்லி என்று அந்நாளில் அக்காரவடிசில் ஸமர்ப்பிக்கப்படுகிறது. இருபத்தொன்பதாவது என்றென்றைக்கும் கைங்கரியமே வேண்டுமென்கிறது. அணிகலனும் அன்னமும் வேண்டி நின்றோர், அடிமை செய்வதொன்றே வேண்டுமென்று கூறும் நிலைக்கு எவ்வாறு வந்தனர்? நடுவே, தம்மிடம் ஞானமும் இல்லை, வேறு உபாயமும் இல்லை, எம்பெருமானோடுள்ள ஒழிக்கவொண்ணாத உறவு ஒன்றே உள்ளது என்று அறிவித்து, அறியாமையாற் செய்த பிழைக்குப் பொறையும் வேண்டினர். சரணாகதியின் அங்கங்கள் அனைத்தும் திரண்ட அப்பாசுரத்தை, நேரமில்லை என்று கருதி விட்டுவிடுவது எத்துணை இழப்பு! நான்கு நிமிடத்தை மீதப்படுத்தப் போய், பேற்றுக்கும் கைங்கரியத்துக்கும் இடையிலிருந்த ஒரே வழியை அடைத்தாயிற்று. செவி உணர்ந்த முறிவு பொருளில் நேர்ந்த முறிவின் எதிரொலியே.

ஆகவே ஒன்பது பாசுரங்களாகவே அமைப்பது தகும். நேரம் போதாதெனில் ராக ஆலாபனைகளையும் ஸ்வரங்களையும் சுருக்கலாம். மீண்டும் மீண்டும் பாடும் அடிகளைக் குறைக்கலாம். பாலத்தை மட்டும் எடுக்கலாகாது.

இறுதி இணைப்பு எல்லாவற்றினும் இனியது. மத்யமாவதியின் ஏறுமுகமும் ஸுரட்டியின் ஏறுமுகமும் ஒரே ஸ்வரங்களால் ஆனவை. இறங்கும்போதுதான் ஸுரட்டியில் தைவதமும் காந்தாரமும் வந்து சேர்கின்றன. அதாவது, இருபத்தொன்பதாவதைப் பாடி முடித்தவர் எந்தப் படிகளில் ஏறினாரோ அதே படிகளில் ஏறி, நிறைந்த கையுடன் இறங்குகிறார். அன்றாடச் சாற்றுமுறையில் இவ்விரு பாசுரங்களையும் சேர்த்தே ஸேவிக்கும் மரபை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். இவ்விடத்தில் சிறு இடைவெளியும் வேண்டா.

நடைமுறைக் குறிப்புகள்

முதலாவது, சுருதி. தொடர் தொடங்கியதிலிருந்து முடியும்வரை தம்புராவோ சுருதிப்பெட்டியோ ஒரு கணமும் நிற்கலாகாது. மௌனம் வேண்டும் இடங்களிலும் பாடகரே மௌனம், சுருதிக்கு மௌனமில்லை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் குழுவினர், மத்யமாவதியின் மேல் ஸ்தாயியும் வராளியின் கீழ் ஸ்தாயியும் எல்லோர்க்கும் எட்டுகின்றனவா என்று ஒத்திகையிலேயே பார்த்துச் சுருதியை முடிவு செய்துகொள்ள வேண்டும். நடுவில் மாற்றினால் அதுவரை கோத்ததெல்லாம் அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது, தொடக்கம். பராசர பட்டரும் உய்யக்கொண்டாரும் அருளிய தனியன்களைத் தாளமின்றி நாட்டையிலேயே விருத்தமாகச் சொல்லித் தொடங்கினால், முதற் பாசுரத்துக்கு ராகமும் சுருதியும் அமைந்துவிடும்.

மூன்றாவது, தாளம். தாளம் மாறாத இடத்தில் முடிபின் கடைசி ஆவர்த்தனத்தை நிறைவாக விட்டு, அடுத்த பாசுரத்தை அதற்குரிய எடுப்பில் தொடங்குவது போதும். ஆதியிலிருந்து மிச்ர சாபுக்கு மாறுவது போன்ற இடங்களில் மிருதங்கக்காரர் ஒரு சிறு தீர்மானம் வைத்து ஸமத்தில் முடித்துத் தர, மறு ஆவர்த்தனத்திலிருந்து புதிய நடை தொடங்கலாம். ஒவ்வோர் இணைப்பிலும் தீர்மானம் வைத்தால் கேட்போர் ஒவ்வொரு முறையும் தொடரே முடிந்ததென்று எண்ணிவிடுவர். ஒன்பது பாசுரத்தில் இரண்டு அல்லது மூன்று இடம் போதும்.

நான்காவது, அடுத்த ராகத்தை அறிவிக்கும் பொறுப்பு. அது ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும். வயலினோ ஹார்மோனியமோ புதிய ராகத்தின் ஜீவ ஸ்வரங்கள் அமைந்த ஒரே ஒரு பிடியை வாசித்தால் போதும். நீண்ட ஆலாபனை வேண்டா. கோயிற் கோஷ்டியில் ஒருவர் தொடங்க ஏனையோர் சேர்ந்துகொள்ளும் முறையே இங்கும் வழிகாட்டி. முதற் சொல்லை ஒருவர் எடுக்க, இரண்டாம் சீரில் எல்லோரும் சேரலாம்.

ஐந்தாவது, ஒத்திகை. முழுப் பாசுரங்களையும் பாடிப் பயின்ற பின், ஒவ்வொரு பாசுரத்தின் கடைசி இரண்டடியையும் அடுத்ததன் முதல் இரண்டடியையும் மட்டும் எடுத்து, இணைப்பிடங்களையே தனியாகப் பலமுறை பாடிப் பார்க்க வேண்டும். ஒன்பது பாசுரத்துக்கு எட்டு இணைப்புகள். கால் மணி நேரத்தில் அவற்றை இருமுறை பாடிவிடலாம்.

பாசுரங்களைத் தேர்வது ஒரு கைங்கரியம். அவற்றைக் கோப்பதும் ஒரு கைங்கரியமே. பெரியாழ்வாரின் திருமகளார் பூமாலையும் சூட்டினார், பாமாலையும் சூட்டினார். மாலை கட்டுவோர் மலரை நசுக்காமலும் நார் தளராமலும் கட்டுவர். கட்டி முடித்த மாலையில் கண்ணுக்குத் தெரிவது மலரே, நார் தெரிவதில்லை. இசைத்தொடரும் அவ்வாறே அமையுமாயின், கேட்டு எழுவோர் ராகத்தைப் பற்றிப் பேசார்; இருபத்தெட்டாம் பாசுரத்தில் ஆயர்சிறுமியர் கைகூப்பி நின்ற நிலையையே நெஞ்சில் கொண்டு செல்வர்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.